செமினாருக்குப் போன பொட்டி தட்டி

ஸ்வீடனோட வடக்குப் பக்கம் ஊமெயோன்னு ஒரு ஊர். பேருக்கேத்த ஊருதான், யாரும் அவ்வளவு சுலபமா வாயைத் திறக்க மாட்டாங்க. "ஆமாம்"னு சொல்றதுக்குக்கூட வார்த்தையைச் செலவு பண்ணாம, உதட்டைக் குவிச்சு "ஷ்ஷுப்"னு காத்தை உள்ளே இழுப்பாங்க. வந்த புதுசுல எதிர்வீட்டுப் பெரியவர் இப்படி இழுத்ததைப் பார்த்துட்டு, மனுஷனுக்கு மூச்சுத் திணறுதோன்னு தங்கமணி பதறிப் போயிட்டாங்க. இப்படிப்பட்ட ஊர்ல ஒரு கும்பல் மட்டும் ஒரு மணி நேரம் விடாம பேசும், எழுந்து நின்னு மாத்தி மாத்திக் கேள்வி கேக்கும். பேசறது பூரா மரத்தைப் பத்தி.

நான் படிச்சது பொறியியல், பண்றது ஆணி புடுங்கறது. தாவரவியலுக்கும் எனக்கும் இருந்த கடைசித் தொடர்பு, பத்தாங்கிளாஸ்ல செம்பருத்திப் பூவை பிளேடால ரெண்டா வகுந்து படம் வரைஞ்சது. தங்கமணிதான் இங்கே மர மரபியல்ல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாங்க. 1999-ல ஊமெயோ பல்கலைக்கழகத்தோட தாவர உடலியல் துறையும், ஸ்வீடன் வேளாண் பல்கலைக்கழகத்தோட காட்டு மரபியல் துறையும் ஒண்ணா சேர்ந்து ஆரம்பிச்ச மையம் அது. நாட்டுல சுமார் 70 சதவீதம் காடு, மரத்தை வெட்டினா திரும்ப வளர்த்தே ஆகணும்னு 1903-லயே சட்டம் போட்டவங்க. அதனால மரத்துக்கு மரபியல் பாக்கறது இங்கே பொழுதுபோக்கு இல்லை, பொழப்பு.

முதல் தடவை நான் செமினாருக்குப் போனது சத்தியமா அறிவு வளர்க்க இல்லீங்க. அன்னிக்கு வெளியில மைனஸ் 22. தங்கமணியைக் கூட்டிட்டுப் போக வந்தவன், உள்ளே சூடா இருக்கேன்னு கடைசி வரிசையில உக்காந்தேன். முடிஞ்சதும் காபியும் ஏலக்காய் போட்ட லவங்கப்பட்டை பன்னும் குடுத்தாங்க. அடுத்த வாரமும் போனேன். (பன்னுக்குத்தான்.)

நோட்டீஸ்ல 10 மணின்னு போட்டிருந்தா 10.15-க்குத்தான் ஆரம்பிப்பாங்க. அந்தக் கால் மணி நேரம் அந்தக் காலத்துப் பல்கலைக்கழக வழக்கமாம். நம்மூரு ரிசப்ஷன் மாதிரின்னு நினைச்சுடாதீங்க, 10.16-க்குக் கதவைத் திறந்தா மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும். முன்வரிசையில ஒரு பெரியவர் இருப்பார். முதல் ஸ்லைடுல கண்ணை மூடுவார், கடைசி ஸ்லைடுல திறப்பார், "எனக்குச் சரியா புரியலைன்னு நினைக்கிறேன்"னு பணிவா ஆரம்பிச்சு ஒரே ஒரு கேள்வி கேப்பார். பேசினவருக்கு வேர்த்துடும். எல்லா ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார் போல.

மூணாவது வாரம் நான் மடியில இருந்த மடிக்கணினியை மூடி வச்சதுக்குக் காரணம் ஸ்புரூஸ் மரம். அதாங்க, கிறிஸ்துமஸ் மரமா அலங்கரிப்பாங்களே, அது. மரங்கள்லயே முதன்முதலா முழு மரபணுத் தொகுதியைப் படிச்சது 2006-ல, அமெரிக்காவுல வளர்ற ஒரு பாப்லர் மரத்துக்கு. அது கிட்டத்தட்ட 48 கோடி எழுத்து. இங்கத்த ஆளுங்க முன்ன நின்னு 2013-ல ஸ்புரூஸைப் படிச்சு முடிச்சாங்க. எவ்வளவு தெரியுமா? சுமார் 2,000 கோடி எழுத்து. மனுஷனுக்கே 300 கோடிதான்! சரி, அவ்வளவு பெரிய நூலுன்னா சரக்கும் அதுக்கேத்த மாதிரி இருக்கும்னு பார்த்தா, மரபணுக்கள் 28 ஆயிரத்துச் சொச்சம்தான். மிச்சமெல்லாம் தன்னைத்தானே நகல் எடுத்துத் தாவித் தாவி ஒட்டிக்கிட்ட துண்டுகள். கோடிக்கணக்கான வருஷமா சேருது, மரம் அதையெல்லாம் வெளியே தள்ளவே இல்லை. எங்க ஆபீஸ் கோட்பேஸ் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு தாங்கலை. யாரோ எப்பவோ காப்பி பேஸ்ட் பண்ணினது, எடுத்தா எது உடையும்னு தெரியாததால யாரும் கை வைக்கறதில்லை. ஸ்புரூஸும் அதே கொள்கையிலதான் ஓடுது போல, நல்லாவே ஓடுது.

தங்கமணியோட மரம் ஸ்புரூஸ் இல்லை, ஆஸ்பென். பார்க்காதவங்களுக்குச் சொல்லணும்னா நம்ம அரசமரத்தை நினைச்சுக்குங்க. காத்தே இல்லாத மாதிரி இருக்கும், இலை மட்டும் சலசலன்னு ஆடிட்டு இருக்கும். காம்பு தட்டையா இருக்கறதால வர்ற ஆட்டம். இந்தப் பல்கலைக்கழக வளாகத்துல நிக்கற ஒரே ஒரு ஆஸ்பென் மரத்தை ஸ்டெஃபான் யான்சன் என்கிற பேராசிரியரோட குழு வருஷக்கணக்கா கவனிச்சுது. (2016-ல மரபணு திருத்தின முட்டைக்கோஸை வளர்த்து, ரேடியோ நிருபரைக் கூப்பிட்டுப் பாஸ்தாவோட சமைச்சுச் சாப்பிட்டவர் இவர்தான். ரெண்டு வருஷம் கழிச்சு ஐரோப்பிய நீதிமன்றம் அந்த மாதிரிப் பயிரெல்லாம் மரபணு மாற்றுச் சட்டத்துக்குள்ளதான் வரும்னு சொல்லிடுச்சு. அது தனிக் கதை.) 2005-ல வந்த அவங்க கட்டுரைப்படி, அந்த மரம் இலையைப் பழுக்க வைக்க ஆரம்பிக்கிறது செப்டம்பர் 11-ஐ ஒட்டி. ஆரம்பிச்சுட்டா அப்புறம் குளிர், வெயில் எதுவும் அதைப் பெரிசா அசைக்கறதில்லை. இலையில இருக்கற நைட்ரஜன், பாஸ்பரஸ்ல 80 சதவீதம் வரைக்கும் உருவி மரத்துக்குள்ள பத்திரப்படுத்திட்டுத்தான் இலையைக் கீழே போடுது. பிஎஃப் பணத்தை எடுத்துட்டு ராஜினாமா குடுக்கற மாதிரி.

அப்ப மரத்துக்குத் தேதி எப்படித் தெரியும்? இந்தக் கேள்விதான் என்னைப் பிடிச்சு உக்கார வச்சது. பதில், பகல் நீளம். ஊமெயோவுல ஜூன்ல பகல் 20 மணி நேரத்துக்கு மேல, டிசம்பர்ல நாலரை மணி நேரம்தான். குளிர் ஒரு வருஷம் முன்ன வரும், ஒரு வருஷம் பின்ன வரும், நம்ப முடியாது. சூரியன் ஏமாத்தாது. பகல் நீளமா இருக்கற வரைக்கும் இலைக்குள்ள எஃப்.டி.ன்னு ஒரு மரபணு "வளரு, வளரு"ன்னு சொல்லிட்டே இருக்கும். பகல் ஒரு அளவுக்குக் கீழே சுருங்கினதும் அது வாயை மூடிக்கும், மரம் வளர்றதை நிறுத்திட்டு நுனியில மொட்டை இறுக்கி மூடிக்கும். 2006-ல இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதும் இந்த மையத்து ஆளுங்கதான்.

இதுல கூத்து என்னன்னா, அந்த "ஒரு அளவு" ஊருக்கு ஊர் மாறுது. வடக்குல பொறந்த ஆஸ்பென்னுக்குப் பகல் இன்னும் நீளமா இருக்கறப்பவே படுக்கை போட்டாகணும், ஏன்னா இங்கே பனி சீக்கிரம் வரும். அதைக் கொண்டு போய்த் தெற்குல நட்டா, அங்கே பகல் போதுமான நீளமே இல்லைன்னு சீக்கிரமே தூங்கிக் குட்டையா நின்னுடும். தெற்கத்தி மரத்தை வடக்கே நட்டா, அது பாட்டுக்கு வளர்ந்துட்டே இருந்து முதல் பனியில நுனி கருகிடும். ஸ்வீடன் முழுக்க 12 இடத்துல இருந்து எடுத்த 116 ஆஸ்பென்களோட நகல்களை 2004-ல ரெண்டு தோட்டத்துல நட்டாங்க. ஒண்ணு இங்கே பக்கத்துல சாவர்ல, இன்னொண்ணு தென்கோடியில ஏக்கெபூவுல. பதினாலு வருஷம் கழிச்சு, 2018-ல வந்த கட்டுரை, மொட்டு மூடற நாள் ஊருக்கு ஊர் வித்தியாசப்படறதுக்குப் பெரிய காரணம் எஃப்.டி.2 மரபணுவைச் சுத்தி இருக்கற ஒரு பகுதின்னு காட்டுச்சு. பூமி சூடாகி குளிர்காலம் தள்ளிப் போனாலும் பகல் நீளம் மாறப் போறதில்லையே? காலண்டர் ஒண்ணு சொல்லும், காத்து வேற சொல்லும். இன்னிக்கு நடற கன்னு 2100-லயும் நிக்கணும். எந்த ஊரு விதையை எங்கே நடறதுன்னு இப்பவே முடிவு பண்ணியாகணும்.

தங்கமணியோட வேலையும் இதேதான், சின்ன அளவுல. ரெண்டு தோட்டம், 640 கன்னு. ஒவ்வொண்ணும் எந்தத் தேதியில மொட்டை மூடுது, எது குளிர்காலம் தாண்டி பிழைக்குதுன்னு கணக்கு. ஆகஸ்ட் மாசம் பூரா தினமும் முட்டி போட்டு நுனியைப் பார்ப்பாங்க. நான் சனி ஞாயிறுல கொசுவுக்குச் சாப்பாடா கூடப் போவேன்.

ரெண்டாவது குளிர்காலம் முடிஞ்சு போய்ப் பார்த்தா, பனி பாரத்துல வேலி ஒரு பக்கம் சாஞ்சிருந்தது. மூஸ் உள்ளே புகுந்துடுச்சு. மான் ஜாதிதான், ஆனா குதிரை உசரம். ஆஸ்பென்னுன்னா அதுக்கு அல்வா. 210 கன்னு நுனியில்லாம மொட்டையா நிக்குது. தங்கமணி அழலை. வண்டியில ஏறி உக்காந்து சீட் பெல்ட்டைப் போட்டுட்டு, "ஒரு அத்தியாயம் போச்சுப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. மேற்கொண்டு ஒன்றரை வருஷத்துக்குத்தான் பணம் இருந்தது. மறுபடி நட்டு வளர்க்கறதெல்லாம் நடக்கற கதையில்லை.

அன்னிக்கு ராத்திரி பண்ருட்டியில இருந்து மாமா போன். அவருக்கு மக ஆராய்ச்சி மேல எப்பவும் ஒரு சந்தேகம் உண்டு. "மாப்ள, எங்க சவுக்கு நாலு வருஷத்துல வெட்டுக்கு வந்துடும். அங்க நூறு வருஷங்கறீங்களே, அப்ப வச்சவன் யாரு வெட்டறவன் யாரு?"ன்னு கேட்டவர். டலார்னா மலையில ஒரு ஸ்புரூஸோட வேர் 9,550 வருஷப் பழசுன்னு ஊமெயோ பேராசிரியர் ஒருத்தர் கண்டுபிடிச்ச கதையை ஒரு தடவை சொன்னேன். "அதை யாரு மாப்ள வெட்டச் சொன்னா, அது கோயில் மரமாச்சே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். அன்னிக்கு விஷயத்தைக் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் தங்கமணிகிட்ட, "பாப்பா, 2011-ல தானே புயல்ல நம்ம பலாத்தோப்பு போச்சே, மறுநாள் காலையில ஒங்க தாத்தா என்ன செஞ்சாரு? சாய்ஞ்ச மரத்தை எண்ணல. சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிட்டுப் போயி நிக்கற மரத்துக்குப் பொட்டு வச்சாரு. நீயும் போயி நிக்கறதை எண்ணு"ன்னார்.

போய் எண்ணினாங்க. 430 முழுசா இருந்தது. ஜூன் கடைசியில பார்த்தா மூஸ் கடிச்சதுலயும் முக்கால்வாசிக்கு மேல அடியில இருந்து துளிர்த்திருந்தது. துளிர்த்தது எந்த ஊரு மரம், கடிபட்டது மொட்டை மூடற தேதியை மாத்துதான்னு கேள்வியையே திருப்பிப் போட்டு அந்த அத்தியாயத்தை எழுதினாங்க. ஆனா, எது குளிரைத் தாங்கிப் பிழைக்கும்கற பழைய கேள்வி பாதியிலயே நின்னுடுச்சு.

இங்கே ஆய்வேட்டை முடிச்சதும் அதை நிஜமாவே சுத்தியால ஆணி அடிச்சுப் பலகையில மாட்டணும். விவாதத்துக்கு மூணு வாரம் முன்னால, ஊர் உலகம் படிச்சுக்கட்டும்னு. (ஆணி புடுங்கறவன் பொண்டாட்டி ஆணி அடிச்சாங்கன்னு நான் சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்கலை.) விவாதம் பொதுமக்கள் முன்னாடி. எதிர்வாதின்னே ஒருத்தரை வெளியில இருந்து கூட்டி வருவாங்க. வழிகாட்டி வாயைத் திறக்கக்கூடாது. மதிப்பெண் கிடையாது, பாஸ் இல்லேன்னா ஃபெயில்.

எதிர்வாதியா வந்த அம்மா ரொம்ப அன்பானவங்க, அதான் பயமா இருந்தது. ஒன்றரை மணி நேரம் போனதும் புத்தகத்துல அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சாங்க. "ரெண்டு குளிர்காலத் தரவு. இந்த மரம் நூறு வருஷம் நிக்கக்கூடியது. ரெண்டு வயசுக் கன்னை வச்சு மரத்தைப் பத்தி உங்களால என்ன சொல்ல முடியும்?"

எனக்குக் காது அடைச்சுப் போச்சு. முன்வரிசைப் பெரியவர் கண்ணைத் திறந்துட்டார்.

தங்கமணி தண்ணி குடிச்சாங்க. "மரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. எந்தக் கன்னு எந்தத் தேதியில தூங்குதுன்னு சொல்வேன், அது ரெண்டு வருஷமும் ரெண்டு தோட்டத்துலயும் ஒரே வரிசையில வந்தது. சீக்கிரம் தூங்கறது கடைசியில ஜெயிக்குமான்னு தெரிய இன்னும் இருபது வருஷம் ஆகும். அதுக்காகத்தான் ஒவ்வொரு கன்னும் எங்கே நிக்குதுன்னு பின்னிணைப்புல வரைபடம் போட்டிருக்கேன்"னாங்க. அந்தம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் "ஷ்ஷுப்". அவங்க இந்த ஊர்க்காரங்களே இல்லை, எங்கே கத்துக்கிட்டாங்களோ! முக்கால் மணி நேரம் கழிச்சுக் குழு வெளியில வந்து பாஸுன்னு சொன்னதை விட எனக்கு அந்த இழுப்புதான் நிம்மதி.

பிப்ரவரியில ஜெர்மனிக்குக் கிளம்பறோம், தங்கமணிக்கு அங்கே வேலை. போன ரெண்டு வாரமா ராத்திரி எங்க வீட்டுல நடக்கறது தோட்டத்தை ஒப்படைக்கிற வேலை. நானும் எத்தனையோ ஹேண்ட்ஓவர் டாக்குமெண்ட் எழுதியிருக்கேன், அதிகபட்சம் ஆறு மாசத்துக்கு உயிரோட இருந்தா பெரிய விஷயம். இது இருபது வருஷம் நிக்கணும். எக்செல் வேணாம், யாரு எதுல திறப்பாங்களோன்னு எல்லாத்தையும் வெறும் எழுத்துக் கோப்பா மாத்திட்டேன். வரிசை எண், மர எண், எந்த ஊரு, எந்தத் தேதி, மூஸ் கடிச்சதா இல்லையா. சரிபார்க்க ஒரு சின்ன நிரலும் உண்டு. தங்கமணிக்கு அதுல முழு நம்பிக்கை வரலை. வரைபடத்தைத் தடிமனான காகிதத்துல பென்சிலால மறுபடி வரைஞ்சாங்க, பேனா மை ஈரத்துல ஊறிடுமாம். ஒரு பிரதி ஆய்வகத்துல, ஒரு பிரதி தோட்டத்துக் கொட்டகையில கதவுக்குப் பின்னாடி.

புதுசா சேர்ந்திருக்கற பையன் பொறுப்பானவனா தெரியறான். போன வாரம் அவனைக் கூட்டிட்டுப் போய் முழங்கால் பனியில ஒவ்வொரு வரிசையா காட்டிட்டு வந்தாங்க. வேலியை ஒரு அடி உசத்தியாச்சு. மே மாசம் பனி உருகினதும் முதல் அளவு எடுக்கணும்னு கோப்போட முதல் வரியிலயே போட்டிருக்கேன்.