“இல்லை” என்ற ஒரு சொல்



2000ஆம் ஆண்டு, பெரிய யூபிலி ஆண்டிலே, நாம் குருப்பட்டம் பெற்றோம். இருபத்தைந்து ஆண்டுகள் எவ்வாறு ஓடி மறைந்தனவோ, அறியோம். 2025இல் மீண்டும் ஒரு யூபிலி ஆண்டு வந்து வாய்த்தபோது, நம் பங்கு மக்கள் ஒன்றுகூடி, “நம்ம சாமி உரோமாபுரியைக் கண்டு வரவேண்டும்” என்று தீர்மானித்துத் தத்தம் நிலைமைக்கேற்பப் பணம் சேர்த்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் தாய் ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை நம் கையில் வைத்ததை நாம் மறப்பதற்கில்லை. அந்தப் பணத்தில் ஒரு ரூபாயையேனும் வீணாக்கலாகாது என்பது அன்றே நாம் செய்துகொண்ட உறுதி. அந்த நல்லுறுதியே நம்மைச் சற்றே வழுக்கி விழச் செய்ய இருந்தது. அதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நமக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. சர்க்கரை நோய் ஒன்பது ஆண்டுகளாக நம்மோடு குடியிருக்கிறது. இரத்த அழுத்தம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த உறவினர். இளம் வயதிலே ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். இப்போதோ மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்த பிறகே துணிமணிகளைப் பற்றி நினைக்கிறோம். நடுவயதின் பயணம் இத்தகையது.

பயணக் காப்பீடு என்ற ஒன்று உண்டென்பதை நாம் விசாவுக்காகத்தான் எண்ணிப் பார்த்தோம். இத்தாலி உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகள் ஷெங்கன் என்ற ஒரே விசா ஏற்பாட்டில் இணைந்துள்ளன. அந்த விசா கேட்கும் நம் நாட்டவர் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டைக் காட்டவேண்டும் என்பது 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஐரோப்பிய விசாச் சட்டத்தின் விதி. அவசரச் சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, நோயுற்றவரைத் தாயகம் கொண்டு சேர்த்தல், இறப்பு நேர்ந்தால் ஆகும் செலவு ஆகிய அனைத்தும் அதில் அடங்கவேண்டும். தங்கும் நாள் முழுவதற்கும், அந்நாடுகள் அனைத்திலும் அது செல்லவேண்டும்.

காப்பீட்டு முகவர் ஒருவர் நம் பங்கிலேயே இருக்கிறார். சிறுவயதில் பீடச்சிறுவனாக நமக்குப் பூசைக்கு உதவியவர். மாலையில் பங்கு இல்லத்துக்கு வந்து, “தோத்திரம் சாமி” என்று சொல்லி அமர்ந்து, தம் கைப்பேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினார். பெயர், வயது, புறப்படும் நாள் எல்லாம் முடிந்தன. அடுத்த கேள்வி: சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் முதலியவற்றில் ஏதேனும் ஏற்கெனவே உண்டா?

தம்பி நம்மை நிமிர்ந்து பார்த்தார். “சாமி, இந்த இடத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிடுவோம். ‘உண்டு’ என்றால் பிரீமியம் கூடும், டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், நாளும் ஆகும். விசாவுக்கு ஒரு தாள்தானே வேண்டும்? எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்” என்றார்.

“கூடாது” என்று நாம் உடனே சொன்னோம் என்று எழுதினால் அது பொய். “உனக்குத் தெரியாததா தம்பி, பார்த்துச் செய்” என்றே சொன்னோம். மக்கள் தந்த பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று நெஞ்சுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டோம். நல்லவேளையாக, அந்நேரம் ஒருவர் ஓடிவந்து, தம் தந்தைக்கு நோயில்பூசுதல் கொடுக்க வேண்டுமென்று அழைத்தார். “மீதியை நாளைக்குப் பார்ப்போம்” என்று எழுந்து சென்றோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளாக நாம் நினைக்காதிருக்க முயன்ற ஒருவரின் முகம் கண்முன் வந்து நின்றது.

2009ஆம் ஆண்டு, வேறொரு பங்கிலே நாம் பணிபுரிந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அமெரிக்காவில் இருந்த மகளின் பேறுகாலத்துக்கு மனைவியோடு புறப்பட்டார். பயண ஆசீர் பெற நம்மிடம் வந்தவர், “வயதான காலத்தில் இவ்வளவு தூரம், உடம்பு எப்படி இருக்குமோ சாமி” என்று தயங்கினார். நாம் அவர் தலைமேல் கைவைத்து, “எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார், போய் வாருங்கள்” என்று அனுப்பிவைத்தோம். காப்பீடு எடுத்தீர்களா, அதில் உங்கள் இரத்த அழுத்தத்தைச் சொன்னீர்களா என்ற கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை. போன இரண்டாம் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கைவசம் இருந்த காப்பீட்டுத் தாளில் ‘நோய் எதுவும் இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. மருத்துவமனை ஏட்டிலோ, பல ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை உண்பவர் என்று அவர் மனைவியே சொன்னது பதிவாகியிருந்தது. நிறுவனம் கைவிரித்துவிட்டது. பேரப்பிள்ளையைக் கொஞ்சப் போனவர் மகளையும் மருமகனையும் பெருங்கடனில் ஆழ்த்திவிட்டோமே என்ற துயரத்தோடு ஊர் திரும்பினார். நாம் பார்க்கச் சென்றபோது, பேச்சு குழறிய நிலையிலும் அவர் சொன்னது: “நான் சொல்லியிருக்கணும் சாமி.” நாம் கேட்டிருக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்ற சொல் உண்மையே. ஆயினும், நாம் பார்க்க வேண்டியதைப் பாராமல் விடுவதற்கு அதை ஒரு திரையாக்கிக்கொண்டால், அது நம்பிக்கையாகாது, சோம்பலே ஆகும்.

குருமடத்தில் கற்ற இலத்தீன் சொல் ஒன்று அவ்விரவில் நினைவுக்கு வந்தது: ‘ஃபீதெஸ்’, அதாவது நம்பிக்கை. காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாட்டுக்கும் ‘உபெரிமா ஃபீதெஸ்’, அதாவது மிகவுயர்ந்த நன்னம்பிக்கை, என்றே பெயர். 1766ஆம் ஆண்டு, சுமத்திரா தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டை ஒன்றின் காப்பீடு பற்றிய வழக்கிலே இங்கிலாந்து நீதியரசர் மேன்ஸ்பீல்டு பிரபு அதை விளக்கினார். இடர் எவ்வளவு என்று கணிக்கத் தேவையான செய்திகள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கே தெரியும். மற்றவர் அவர் சொல்லை நம்பியே கையெழுத்திடுகிறார். ஆகவே தெரிந்ததை மறைக்கலாகாது என்பது அவர் கருத்து. இக்கடமை நிறுவனத்துக்கும் உண்டு என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். அவ்வழக்கில் வென்றவரும் காப்பீடு எடுத்தவரே.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் தம்பியை அழைத்து, “உள்ளதை உள்ளபடியே எழுது” என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நல்லது சாமி. நேற்று நீங்களே சரி என்றதும், இனி யாருக்கும் இப்படிப் போடலாம் என்று எனக்கு ஒரு தைரியம் வந்திருந்தது” என்றார். அந்தச் சொல் நம்மைச் சுட்டது. ஒரு கட்டத்தில் இடும் ஒரு சொல் நம் ஒருவரோடு நிற்பதில்லை.

பின்னர் இருவரும் உட்கார்ந்து பல பாலிசிகளின் விதிகளை வரிவரியாகப் படித்தோம். அதில் கற்றவை உங்களுக்கும் பயன்படும்.

முதலாவது, ஏற்கெனவே உள்ள நோய். நோயைச் சொல்லிவிட்டாலே அதற்கும் பணம் கிடைக்கும் என்று எண்ணலாகாது. மலிவான பாலிசிகள் பல பழைய நோயால் வரும் செலவை அறவே நீக்கிவிடுகின்றன. சில, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள், கொடுக்கின்றன. ஆகவே, ‘பழைய நோய்க்கு எவ்வளவு, எந்த நிலையில்?’ என்று கேட்டு, அந்த விடையைப் பாலிசித் தாளிலேயே காட்டச் சொல்லுங்கள், வாய்ச்சொல் போதாது.

இரண்டாவது, முகப்பில் பெரிய எழுத்தில் காணும் தொகையோடு நின்றுவிடாதீர்கள். முதற்செலவில் இவ்வளவு நம் கையிலிருந்து போகவேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். அறை வாடகைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தனித்தனி உச்சவரம்புகள் இருக்கலாம். பல பாலிசிகளில் அறுபதைக் கடந்தவர்களுக்கு இவ்வரம்புகள் மேலும் இறுக்கமானவை. பெற்றோருக்காக வாங்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது, செல்லும் நாடு. அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவச் செலவு மிக அதிகமாதலால், அவ்விரு நாடுகளும் நீங்கலாக ஒரு விலை, அவற்றையும் சேர்த்து வேறு விலை என்று பிரித்திருப்பார்கள். குறைந்த விலையைப் பார்த்து முன்னதை வாங்கிக்கொண்டு அமெரிக்கா செல்வது குடையை வீட்டில் வைத்துவிட்டு மழையில் இறங்குவதற்கு ஒப்பு. நம் ஊரில் எடுத்த வழக்கமான மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே செல்லாது.

நான்காவது, உதவி எண். நோயுற்றால் எந்த எண்ணை அழைக்கவேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகச் செலுத்துமா, நாம் செலுத்திப் பின்னர் பெறவேண்டுமா என்பவற்றை முன்பே அறிந்து, எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். உடன் வருவோரிடமும் ஒரு படி இருக்கட்டும்.

இறுதியாக நாம் தேர்ந்த பாலிசி, முதல்நாள் பார்த்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. மருத்துவரின் சான்றிதழும் கேட்டார்கள். பீடி சுற்றும் அந்தத் தாயின் இருநூறு ரூபாய் நினைவுக்கு வந்தது. அவரிடமே சென்று நடந்ததைச் சொன்னோம். “நீங்க நல்லபடியா திரும்பி வரத்தானே சாமி கொடுத்தோம்” என்றார். நமக்கு விளங்காதிருந்தது அவருக்கு விளங்கியிருந்தது.

பயணத்தைப் பற்றி விரிவாகப் பிறிதொரு மாதம் எழுதுவோம். இங்கே ஓர் இரவை மட்டும் சொல்கிறோம். அசிசி நகரம் மலைச்சரிவில் அமைந்தது. தெருக்களெல்லாம் ஏற்றமும் கல்பாவிய தளமுமானவை. பகலெல்லாம் ஏறி இறங்கினோம். இரவில் நெஞ்சை அடைப்பதுபோல் ஒரு வலி, வேர்த்துக் கொட்டியது. உடனிருந்த குரு, ஐரோப்பாவின் அவசர எண்ணாகிய 112ஐ அழைத்துவிட்டு, நம் சட்டைப்பையிலிருந்த தாளைப் பார்த்துக் காப்பீட்டாரின் உதவி எண்ணையும் அழைத்தார். மறுமுனையில் கேட்ட முதற்கேள்விகளில் ஒன்று: “இவருக்கு முன்பே என்னென்ன நோய்கள் உண்டு?” அவர் சொன்னதும் தாளில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அந்த வேளையில், நம் மனம் வலியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டது. பொய்யைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அது எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதைப் படுக்கையில் கிடந்தவரே அறிவார்.

இறைவன் அருளால் இதயத்துக்கு ஒன்றுமில்லை; களைப்பும் செரியாமையும் சேர்ந்து செய்த வேலை என்றார்கள். ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். நம் பங்காகிய முதற்செலவு போக, மீதியைக் காப்பீட்டார் கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றில் நாம் ஏமாந்தோம். போகும்போது நம் பெட்டி ஒன்றரை நாள் தாமதமாக வந்தது. அதற்கும் ஈடு உண்டென்று பாலிசி சொல்லியிருந்தும் நாம் பெறவில்லை. விமானநிலையத்தைவிட்டு வெளியேறுமுன் விமான நிறுவனத்திடம் எழுத்துச் சான்று வாங்கத் தவறியது நம் குற்றமே. நல்லவேளையாக மாத்திரைகளைக் கைப்பையில் வைத்திருந்தோம். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். மருந்துகளின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டையும் உடன் வையுங்கள். இன்சுலின் போடுவோர் அதைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பலாகாது. சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும்.

உண்மையைச் சொல்லியும் நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், மனமுடைந்து இருந்துவிட வேண்டாம். முதலில் நிறுவனத்துக்கே எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தக்க பதில் வராவிடில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையிலும் அவ்வலுவலகம் உண்டு. ஆனால் அங்கே தலைநிமிர்ந்து நிற்க, விண்ணப்பத்தில் நாம் எழுதியது உண்மையாக இருக்கவேண்டும்.

இப்போதும் பயண ஆசீர் பெறப் பலர் வருகிறார்கள். பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் அறுபது, எழுபது வயதுப் பெற்றோரே அவர்களில் மிகுதி. நாம் அவர்களை உட்காரவைத்து இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: “காப்பீடு எடுத்தாயிற்றா? உங்கள் நோயை அதில் சொல்லியாயிற்றா?” சிலர் சிரிக்கிறார்கள். சிலர் தலைகுனிந்து, “மகன்தான் நிரப்பினான் சாமி” என்கிறார்கள். “அவனிடம் கேட்டுத் திருத்திக்கொண்டு வாருங்கள், பயணத்துக்கு முன்னே நாளிருக்கிறது” என்று அனுப்புகிறோம்.

திரும்பி வந்தவர்களின் தலைமேல் கைவைத்து, “ஆண்டவர் உங்களைக் காப்பாராக” என்று ஆசீர் கூறும்போதெல்லாம், அந்த ஆசிரியரின் முகம் நமக்குத் தோன்றுகிறது. அவருக்குக் கேட்கத் தவறியதை இவர்களுக்காவது கேட்டோம் என்ற எண்ணத்தோடு கையை எடுக்கிறோம்.