கோலேஷ்வரில் ஒரு பயில்வான் வீடு

கோல்ஹாப்பூரிலிருந்து அரசு பஸ்ஸில் கராடு ஒன்றரை மணி நேரம். டிக்கெட் நூற்றுச் சில்லறை. பெண்களுக்கு அதில் பாதிதான். வழி நெடுக கரும்பு. கராடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பதினைந்து ரூபாய்க்கு ஒரு வடாபாவும் பத்து ரூபாய்க்கு ஒரு டீயும் உள்ளே போன பிறகு, கடைக்காரரிடம் கோலேஷ்வருக்கு வழி கேட்டேன். "பயில்வான் ஊருக்கா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாயாம். நடந்து போகப் போகிறேன் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நடந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பயில்வான், கஷாபா தாதாசாகேப் ஜாதவ், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 57 கிலோ எடைப்பிரிவு மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்தது வர 1996 வரை, லியாண்டர் பயஸ் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாதவ் ஊர் திரும்பியபோது மாட்டுவண்டிகள் புடைசூழ இந்த வழியாகத்தான் அழைத்து வந்தார்கள். அந்தத் தூரத்தைக் கடக்க ஏழு மணி நேரம் ஆனதாம். எத்தனை வண்டி என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. நூறு என்கிறார்கள், 151 என்றும் எழுதியிருக்கிறார்கள். வழியில் கரும்பு டிராக்டருக்காக ஒதுங்கி நின்றபோது பேச்சுக்கு வந்த முதியவர் ஒருவர், "ஐநூறு வண்டி சாஹேப்!" என்று அடித்தே சொன்னார்.

பாதை நாலு கிலோமீட்டர் இருக்கும். மாட்டோடு சேர்த்து ஒரு வண்டிக்கு ஐந்து மீட்டர் போட்டால், 151 வண்டி முக்கால் கிலோமீட்டர் நீளும். இடைவெளியையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டர். ஐநூறு என்றால், முதல் வண்டி ஊருக்குள் நுழையும்போது கடைசி வண்டி கராடிலேயே நின்றிருக்கும். எனக்கு நூற்றைம்பதே போதும். இன்றைக்கே இரண்டு டிராக்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்! ஏழு மணி நேரத்தை நான் நம்புகிறேன். வெயிலில் நின்று நின்று நடந்த எனக்கே ஒரு மணி நேரம் பிடித்தது.

ஊருக்குள் யாரைக் கேட்டாலும் வீட்டுக்குக் கை காட்டுகிறார்கள். 'ஒலிம்பிக் நிவாஸ்' என்பது வீட்டின் பெயர். மனைவியின் நகைகளை விற்றுத்தான் இந்த வீட்டைக் கட்டி முடித்தார் என்று எழுதியிருக்கிறார்கள். குடும்பம் புழங்குகிற வீடு என்பது கொடியில் காய்ந்த துணியிலேயே தெரிந்தது. பதக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாசலோடு நின்றுகொண்டேன்.

என்னைத் தெருவில் பார்த்துவிட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி வந்தார் இன்னொரு பெரியவர். "எல்லாரும் மெடல் கதையைத்தான் கேட்கிறீர்கள்" என்றார். "வேறு என்ன கேட்கணும் பாபா?" என்றேன். "கடன் கதையைக் கேளுங்கள்."

கேட்டேன். முன்பே படித்ததுதான், ஆனால் அந்தத் தெருவில் நின்று கேட்கும்போது அதன் கனம் வேறு. ஹெல்சிங்கி போகக் காசில்லை. கோல்ஹாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர், தன் பழைய மாணவனுக்காகச் சொந்த வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். மீதிக்கு ஊர் ஊராக வசூல். பதக்கத்தோடு திரும்பிய ஜாதவ், குஸ்திப் போட்டிகளை ஏற்பாடு செய்து, தானும் இறங்கி ஜெயித்து, வந்த பணத்தில் ஆசிரியரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். பதக்கத்தைக் காட்டிச் சலுகை கேட்கிற வயதில் அவர் வாத்தியார் வீட்டுப் பத்திரத்தைத் திருப்பியிருக்கிறார். என்னைக் கேட்டால், அந்த மனிதரைப் புரிந்துகொள்ள ஹெல்சிங்கியைவிட இந்தக் கடன் கதைதான் உதவும்.

பிறகு 1955-ல் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 27 வருஷ சர்வீஸ், உதவி கமிஷனராக ஓய்வு, பிறகு பென்ஷனுக்கு அலைச்சல். 1984 ஆகஸ்ட் 14 அன்று சாலை விபத்தில் இறந்தபோது வயது 58. அர்ஜுனா விருது வந்தது 2001-ல்.

சாயங்காலம் ஒரு தாலீமுக்குப் போனேன். குஸ்திப் பயிற்சிக் கூடத்துக்கு இங்கே அதுதான் பெயர். குனிந்து உள்ளே நுழைந்ததும் மஞ்சளும் மோரும் கலந்த வாடை. குழியில் செம்மண். அதில் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, மஞ்சள் எல்லாம் சேர்த்துக் கொத்திப் புரட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன்: புட்டு மாவுபோல, பிடித்தால் நிற்கிறது, விரலைத் தளர்த்தினால் உதிர்கிறது. ஜாதவ் வளர்ந்தது இப்படிப்பட்ட மண்ணில். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அவருக்கு மெத்தை விரிப்பே பழக்கமில்லை; அப்படியும் ஆறாவது இடம் பிடித்தார்.

சுவரில் அனுமார் படம், பக்கத்தில் ஜாதவ் படம். இரண்டுக்கும் ஒரே மாதிரி மாலை. பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையனிடம் படத்தைக் காட்டி யார் என்றேன். பெயர், வருஷம், பதக்கம் மூன்றையும் மூச்சு விடாமல் சொன்னான். பாதாமுக்கும் பாலுக்கும் மாதம் எட்டாயிரம் ஆகிறது, அப்பா கரும்பு வெட்டுக் கூலி என்றான் பெரிய பையன் ஒருவன். 'மறக்கப்பட்ட வீரர்' என்று ஜாதவைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. மறந்தவர்கள் தலைநகரங்களில் இருக்கலாம்; இந்தக் குழியைச் சுற்றி நின்றவர்களில் யாரும் மறந்திருக்கவில்லை. அவர் பெயரில் ஊரில் குஸ்தி அகாடமி கட்டுவதாக அரசு அறிவித்து, வருஷங்கள் ஓடியும் வேலை நடக்காததால், 2017-ல் மகன் பதக்கத்தையே ஏலம் விடப்போவதாகச் சொல்ல வேண்டி வந்தது. அந்தச் செய்தியைத் தாலீமில் எல்லோரும் இன்னும் கோபத்தோடுதான் பேசுகிறார்கள்.

சென்னையிலிருந்து பெங்களூரு, புனே வழியாக மும்பைக்குக் காரில் போகிறவர்கள் கராடைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் கோலேஷ்வர் போய் வர ஒரு மணி நேரம் போதும். தாலீம் பார்க்க வேண்டுமென்றால் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். வீட்டில் குடும்பம் இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லாமல் கதவைத் தட்டாதீர்கள்.