சீகிரியாவில் ஏழு நிமிடங்கள்

காத்திருத்தல் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசைகளில் நின்றோம். அவ்வாண்டு யூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்து, முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் எனப் பங்கிடப்பட்டபோது, மனிதர் தவறினும் கைத்தொலைபேசி நடுநிலை தவறாது என்றொரு நம்பிக்கை என் போன்றோர் மனத்திற் படிந்தது. அந்நம்பிக்கையுடனேயே சென்ற விடுமுறையில் அம்மாவைச் சீகிரியாவுக்கு அழைத்துச் சென்றேன்.

மாத்தளையிலேயே வாழ்ந்தும் அம்மா அக்குன்றைக் கண்டதில்லை. முழங்கால் வலியுடன் கண்ணாடிச் சுவர்வரை ஏறினார். 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டுவரை அங்கு வந்தோர் கீறிச் சென்ற சிங்களப் பாடல்களுள் 685ஐத் தொல்லியலறிஞர் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். ஓவியப் பெண்கள் தம்முடன் பேசவில்லையே என்பது அவற்றுட் பலவற்றின் முறைப்பாடு. இதனைச் சொன்னபோது அம்மா சிரித்தார். “சுவரில் எழுதின படம் எப்படித் தம்பி பேசும்?”

இறங்கி வந்தபோது மாலை நான்கரை மணி. தம்புள்ளைக்குச் சென்று மாத்தளை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சற்றுத் தள்ளி ஐந்தாறு முச்சக்கர வண்டிகள் நின்றன. நான் அப்பக்கம் திரும்பவில்லை. சுற்றுலாத் தலத்தில் நிற்பவர் கூடுதலாகக் கேட்பார் என்பது நகரத்திற் கற்ற பாடம். செயலியைத் திறந்தேன். கட்டணம் நியாயமாக இருந்தது. ஏழு நிமிடத்தில் வண்டி வரும் என்றது.

முதலிருவர் ஏற்றுப் பின் விலகினர். மூன்றாமவர் தொலைபேசியில் அழைத்து, காசா அட்டையா என்று சிங்களத்தில் வினவினார். அட்டை என்றேன். “அட்டைப் பணம் கைக்கு வர நாளாகும் மல்லி. பெற்றோலுக்கு இன்றைக்கே காசு வேண்டும்” என்றார். என்னிடம் காசில்லை; இருந்திருப்பினும் கொடுத்திருப்பேனோ தெரியாது. விதி என் பக்கம் அன்றோ! நான் இரத்துச் செய்தால் தண்டப்பணம் எனக்கு. அவர் செய்தால் குறை அவருக்கு. ஆகவே இருவரும் செய்யவில்லை. வரைபடத்தில் அவ்வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஏழு நிமிடமும் ஏழு நிமிடமாகவே நின்றது. அம்மா ஒரு கல்லின்மேல் அமர்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் கழிந்தபின் நானே இரத்துச் செய்தேன். தண்டப்பணம் கழிக்கப்பட்டது.

முறையிட்டேன். நொடிப்பொழுதில் பதில் வந்தது: ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். மீண்டும் எழுதினேன், எழுத்து மாறாமல் அதே வாக்கியம். காரணத்தைத் தெரிவு செய்க என்றது. பட்டியலில் கட்டண முறையைப் பற்றியோ, இருவரையும் இப்படிப் பிணைத்து வைத்த ஏற்பாட்டைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. எனக்குப் பொருந்தக் கூடியதாயிருந்தது “சாரதியின் நடத்தை” ஒன்றே. கோபத்தில் அதனை அழுத்தினேன். உடனே பணம் மீளளிக்கப்பட்டது.

நிமிர்ந்தபோது அம்மா கல்லில் இல்லை. தரிப்பிடத்தில் ஒரு முதியவருடன் தமக்குத் தெரிந்த சிங்களத்தில் பேரம் பேசி முடித்திருந்தார். செயலி காட்டியதைவிட இருநூறு ரூபாய்தான் கூடுதல். கைப்பையிலிருந்து அவரே காசை எண்ணினார்.

வழியில் அம்முதியவரிடம் நடந்ததைக் கூறினேன், சற்றுப் பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை. தம் மகனும் இரண்டாண்டு அதில் ஓடியவன் என்றார். ஒருநாள் காலையில் கணக்குத் திறக்கவில்லையாம். எவர் முறையிட்டார், எதற்காக என்று கேட்டு எழுதினானாம். வருந்துகிறோம் என்று பதில் வந்ததாம்.

இனாமலுவைச் சந்தியைக் கடக்கும்போது செயலியை மீண்டும் திறந்தேன். அம்முறைப்பாட்டைத் திரும்பப் பெற வழியுண்டா என்று தேடினேன். “முடிவுற்றது” என்றிருந்தது. அதன்மேல் அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் திறக்கவில்லை. அம்மா என் தோளிற் சாய்ந்து உறங்கியிருந்தார். தம்புள்ளையில் மாத்தளை பஸ் புறப்பட ஆயத்தமாக நின்றது.