அக்காவின் வலக்கை

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு வேலணைக்குச் சென்றிருந்தோம். பொங்கற் பானையை இறக்க முனைந்த எமது அக்கா, "தம்பி, ஒருக்கால் இதைப் பிடி. எனக்குக் கை எழும்புதில்லை" என்றார். கூந்தலை முடிந்துகொள்வதற்கும் அவர் மகளின் உதவியை நாடுவதை அன்றுதான் அறிந்தோம். "வயது போகிறது, நல்லெண்ணெய் பூசித் தேயுங்கள்" என்று ஊராரைப்போல நாமும் சொல்லிவைத்தோம்.

தொழிலாளரின் நோய்களைப்பற்றி 1700ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்ட இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமசீனி, நோயாளி செய்யும் தொழில் யாது என்பதையும் வைத்தியர் கேட்டறிய வேண்டுமென வற்புறுத்தினார். அக்கா நண்டுத் தொழிற்சாலையொன்றில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்வது எமக்குத் தெரியும். அவ்வேலையை எப்படிச் செய்கிறார் என்று ஒருநாளும் கேட்டோமில்லை.

அன்று கேட்டோம். அடுக்களை மேசையருகே அமர்ந்து அவர் செய்து காட்டினார். அவித்து ஆறிய நண்டின் ஓட்டை நீக்கிச் சிறு கத்தியாற் சதையைப் பிரிக்க வேண்டும். ஓட்டுத் துணுக்கொன்றும் அதிற் கலந்துவிடக் கூடாது. "மேசை இந்த உயரந்தான் தம்பி, கதிரைதான் இன்னும் பதிவு" என்றார். தோளிரண்டும் தூக்கியிருந்தன, முழங்கைகள் உடலைவிட்டு விலகி நின்றன, கழுத்துக் குனிந்திருந்தது. மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினோம். ஒரு நிமிடத்தில் அதே அசைவு இருபது தடவைக்கு மேல் நிகழ்ந்தது.

இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரைச் சேர்ந்த மக்கட்டம்னி, கோர்லெற் என்னும் ஆய்வாளர் இருவர் 1993இல் 'றூலா' என்ற கணிப்பு முறையை வெளியிட்டனர். அதற்குத் தாளும் பென்சிலும் கூர்ந்த கண்ணுமே போதும். மேற்கை உடலோடு ஒட்டித் தொங்கினால் 1 புள்ளி. முன்புறம் 45 பாகைக்கு மேல் உயர்ந்தால் 3. தோள் தூக்கியிருந்தால் மேலும் 1. கை பக்கமாக விலகினால் மேலும் 1. ஒரே அசைவு ஓயாது தொடர்ந்தால் அதற்கும் 1 உண்டு. மணிக்கட்டு, கழுத்து, முதுகு ஆகியவற்றையும் அட்டவணையிற் சேர்த்தால், 1 முதல் 7 வரையில் ஓர் எண் கிடைக்கும். 2 வரை அஞ்ச வேண்டியதில்லை. 7 வந்தால் உடனே வேலைமுறையை மாற்ற வேண்டும். அக்காவுக்கு 6 வந்தது. விரைவில் ஆராய்ந்து மாற்றவேண்டும் என்பது அதன் பொருள்.

நோயின் பெயரை வைத்தியர்தாம் சொல்லவேண்டும். தோளின் தசைநாண் புண்பட்டிருப்பதாக அவர் சொன்னார். ஆனால், குற்றம் அக்காவின் வயதிலன்று, மேசையின் உயரத்திலும் ஓய்வின்மையிலும் இருக்கிறது என்பதைக் காட்டியது அந்த எண்ணே.

"எடைக்குத்தான் கூலி. ஆறியிருந்தால் ஆருக்கு நட்டம்? நோவென்று சொன்னால் வீட்டிலை நில் என்பினம்" என்று அக்கா அஞ்சினார். ஆயினும் அந்தத் தாளை மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். உடல்நோவைக் கேட்டுச் சலித்தவர், எண்ணைக் கண்டதும் சற்று யோசித்தாராம். கதிரைகள் பலகை வைத்து உயர்த்தப்பட்டன. மணிக்கொருமுறை சில நிமிட ஓய்வும், இடையிடையே நிறுவைப் பகுதிக்கு மாறும் முறையும் வந்தன.

வாசகர்களே, வலை பொத்துபவர், தையற்காரர், ஓலை பின்னுபவர் எவராயினும் உங்கள் வீட்டிலும் ஒருவர் கைநோவென்று சொல்லக்கூடும். எண்ணெய்ப் போத்தலை எடுக்குமுன், அவர் வேலை செய்யும் விதத்தை ஒரு நிமிடம் பாருங்கள்.

இவ்வாண்டுப் பொங்கலன்று அக்கா தம் கூந்தலைத் தாமே முடிந்தார். பானையை மட்டும் நாமே இறக்கினோம்.