பிடிபடாத மிஸ்ஸிங்

நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை எரிபொருள் பற்றுகிறது. நான்கும் சேர்ந்தால் 100. அந்த நூறில் ஒன்றிரண்டு, அதுவும் எப்போதாவது, பற்றாமல் போனால் ஓட்டுகிறவருக்கு ஒரு சின்ன இடி தெரியும்; காலை அழுத்தினாலும் வண்டி இழுக்காது. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடும். நின்றுபோன வண்டியைக்கூட மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்வார்கள். வந்து வந்து போகிற மிஸ்ஸிங் என்றால் முகம் மாறும்.

மயூர் விஹார் ஃபேஸ் 2இலிருந்து திரிலோக்புரிப் பக்கம் போகும் சாலையோரத்தில் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. யமுனைக்குக் கிழக்கே உள்ள இந்தப் பகுதியில் தமிழ், மலையாளக் குடும்பங்கள் ஏராளம். ஃபேஸ் 1இல் உத்தர குருவாயூரப்பன் கோயிலே இருக்கிறது. அடுக்கு வீடுகளின் கார்கள் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் நிற்கின்றன. ஜூன் வெயில், ஜூலை மழை, ஜனவரிப் பனி, போதாததற்கு ஒயரைக் கடிக்கும் எலி. பட்டறைக்காரர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். உதவிக்கு இருக்கும் பிகார் பையன் அவரை ‘உஸ்தாத்’ என்கிறான்.

நான் போயிருந்த அன்று வந்து நின்றது 2012இல் பதிவான ஒரு பெட்ரோல் கார். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர். ஓட்டிவந்தவர் மத்திய அரசுப் பணியில் ஓய்வுபெற்ற தமிழர். ஏற்கெனவே வேறொரு இடத்தில் நான்கு பிளக்கும் புதிதாகப் போட்டு, இன்ஜெக்டர் கழுவி, ஆக்ஸிஜன் சென்சாரையும் மாற்றியாயிற்று. கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது.

உஸ்தாத் பானட்டைத் திறக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே இடிக்குதா சார், இல்ல சூடானப்புறமா?”

“சூடானப்புறம்தான் தம்பி.”

“கேஸ்ல மட்டுமா, பெட்ரோல்லயுமா?”

“கேஸ்லதான் அதிகம். பெட்ரோல்ல எப்பவாவது.”

“ஏசி போட்டா? மேம்பாலம் ஏறும்போது? மழை பெஞ்சா?”

மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தது. இந்த விசாரிப்பில்தான் பாதி வேலை முடிகிறது. முன்பு பார்த்த இடத்தில் யாருமே இதைக் கேட்கவில்லை என்று வண்டிக்காரர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. காற்றும் வாயுவும் கலந்த கலவையில் தீப்பொறி பாய, பெட்ரோல் கலவையைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அதனால்தான் கேஸில் ஓடும் வண்டிகளில் பிளக்கின் இடைவெளியைச் சற்றுக் குறைத்து வைப்பார்கள். மேட்டில், ஏசியோடு, காலை நன்றாக அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று நெருக்கி அடைபடுகிறது. தேவைப்படும் வோல்டேஜ் இன்னும் ஏறுகிறது. ஈரம் சேர்ந்தால் மின்சாரம் வெளியே கசியவும் வழி கிடைக்கிறது. சந்தேகம் எரிபொருளிலிருந்து நகர்ந்து, ‘கரண்ட்’ பக்கம் வந்துவிட்டது. பிளக், பிளக் ஒயர், காயில் மூன்றையும் சேர்த்துப் பட்டறையில் சொல்லும் பெயர் அது.

ஸ்கேனரையும் மாட்டிப் பார்த்தார். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. இதில் அதிசயம் இல்லை. இந்தியாவில் 2010 ஏப்ரலில் வந்த முதல் கட்ட ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் அமைப்பு, பெரும்பாலும் சென்சார்களின் இணைப்பு அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. மிஸ்ஃபயரைக் கண்காணிக்கும் இரண்டாம் கட்டம் கட்டாயமானது 2013இல். அந்த வண்டிகளில் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றத்தைக் கணக்கிட்டு, இரண்டாவது சிலிண்டர் என்றால் பி0302 என்று கம்ப்யூட்டரே குறித்துவைக்கும். எந்த சிலிண்டர் என்று சொல்லுமே தவிர, ஏன் என்பதைச் சொல்லாது.

அம்பாசிடர் காலத்தில் இந்தத் தொந்தரவு வேறு மாதிரி இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, பாயின்ட்டை எமரி தாளால் தேய்த்து, மைக்கோ பிளக்கைத் துடைத்துப் போட்டால் பல வண்டிகள் ஓடிவிடும். 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோவின் பெயர் 2008இல் பாஷ் என்று மாறிய பிறகும் பழைய கைகள் மைக்கோ என்றே சொல்கின்றன. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலும் 1995இல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. சில ஆண்டுகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. உஸ்தாத் தொழில் பழகியது அந்த மாற்றத்தின் நடுவில். காதும் வேண்டும், மீட்டரும் வேண்டும் என்பதை அந்தத் தலைமுறைதான் முதலில் கற்றுக்கொண்டது.

ஐடிலில் வைத்து இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எதைக் கழற்றினாலும் என்ஜின் ஒரே அளவுக்குத் தொய்ந்தது. நான்கும் ஒழுங்காக உழைக்கின்றன என்று அர்த்தம். ஆனால் கோளாறு இல்லாத நேரத்தில் செய்கிற சோதனை எதையும் நிரூபிக்காது. அதை வரவழைக்க வேண்டும். வண்டியைக் கேஸில் போட்டு, ஏசியை முழுதாக வைத்து, ஃபேஸ் 1 மேம்பாலத்தில் நான்காவது கியரிலேயே ஏறினார். பாதி ஏற்றத்தில் இடித்தது. உடனே பெட்ரோலுக்கு மாற்றினார், அடங்கியது. மறுபடி கேஸ், மறுபடி இடி. இத்தனை மாதமாக ஒளிந்து விளையாடியது சொன்னபடி வந்து நின்றதில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

இருட்டும்வரை காத்திருந்தோம். பையன் பட்டறை விளக்கை அணைத்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் பிளக் ஒயர்களின்மேல் பனிபோலத் தண்ணீரைத் தூவினார் உஸ்தாத். பையன் ஆக்ஸிலரேட்டரை ஒரு வெட்டு வெட்டினான். இரண்டாவது சிலிண்டரின் ரப்பர் தொப்பிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே, ஊசி அளவில் நீலமாக ஒரு கீற்று பாய்ந்து மறைந்தது. இன்னொரு தடவை. ‘டக்’ என்று சத்தமும் கேட்டது.

என்ஜின் ஆறியதும் அந்த பிளக்கைக் கழற்றிக் காட்டினார். வெள்ளைப் பீங்கானின்மேல், மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. மின்சாரம் கசிந்து கசிந்து போட்ட கரித்தடம். தொப்பியைக் கீறித் திறந்தால் உள்சுவரிலும் அதே இடத்தில் அதே கோடு. முன்பு புது பிளக் போட்டவர்கள் பழைய தொப்பியையே மாட்டியிருக்கிறார்கள். தொப்பியில் இருந்த தடம் புது பிளக்கையும் கெடுத்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சென்சாருக்குக் கொடுத்த பணம் வீண்.

இழுவை குறைவது மட்டுமல்ல இதில் உள்ள நஷ்டம். பற்றாத எரிபொருள் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அடிக்கடி நடந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் தேனடை உருகி அடைத்துக்கொள்ளும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய பாகம் அது, விலை பிளக் ஒயரைப் போலப் பல மடங்கு. புகைச் சோதனையில் பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4) மாசு விதிப்படி வந்த பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்தான் வரம்பு. சோதனை நேரத்தில் மிஸ் அடித்தால் அதைத் தாண்டிவிடும். குளிர்காலத்தில் மூச்சு முட்டும் நகரத்தில் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

பில்லில் ஒயர் செட், ஒரு பிளக், மாட்டிய கூலி. தேடிய பொழுதுக்கு ஒரு வரியும் இல்லை. கேட்டால், “பார்த்ததுக்குக் காசு எழுதினா யார் சார் தருவாங்க?” என்கிறார். பொருளை மாற்றினால் லாபம், யோசித்தால் நஷ்டம் என்று இருக்கும்வரை நல்ல மெக்கானிக்கும் பொருளைத்தான் மாற்றுவார். சோதனைக்கென்று தனிக் கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. தேவையில்லாத அந்த சென்சாரைவிட அது மலிவாகவே முடிந்திருக்கும்.

டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்க்குகளில் எரிபொருள் இல்லை என்றார்கள். சில நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. வயதை மட்டும் வைத்து நடவடிக்கை கூடாது என்று ஆகஸ்டில் நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டும் என்று சுருக்கியது. இந்தக் கார் பிஎஸ்-4. அந்தத் தெம்பில்தான் வண்டிக்காரர் நான்கு ஒயரையும் நல்லதாகப் போடச் சொன்னார்.

மறுநாள் அதே மேம்பாலத்தில், அதே நான்காவது கியரில், கேஸில் ஏறியது வண்டி. இடி இல்லை. பட்டறைக்குத் திரும்பும்போது இன்னொரு கார் காத்திருந்தது. நெரிசலில் சூடானால் நின்றுவிடுகிறதாம், ஆறினால் கிளம்புகிறதாம். உஸ்தாத் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “நின்னப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு ஆடுதா சார், இல்ல அப்படியே படுத்திருக்கா?”