அரக்கும் ஸ்பிரிட்டும்

போன மாசம் நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிடறேன். வேற யாராவது பண்ணாம இருந்தா சரி.

பரண்ல தாத்தாவோட தகரப்பெட்டி. உள்ள முப்பது, நாப்பது இசைத்தட்டு. பாதி எல்.பி., மீதி 78. அதுல ஒண்ணு டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட தோடி. மணிக்கணக்கா தோடி வாசிச்ச மனுஷன், பக்கத்துக்கு மூணு சொச்சம் நிமிஷத்துல அடக்கி வாசிச்சிருக்கார். 1956ல அவர் போயிட்டார். எங்க வீட்டுல தட்டு மட்டும் இருந்தது.

எல்.பி.யை எல்லாம் சுத்தம் பண்ணி முடிச்சேன். நல்லாவே வந்தது. தண்ணி கலந்த ஸ்பிரிட், மெத்துனு ஒரு துணி, கோடு போற திசையிலேயே வட்டமா துடைக்கணும், நடு லேபிள் நனையக் கூடாது. அவ்வளவுதான். அந்த ஜோர்ல தோடியை எடுத்தேன். அழுக்கு ஜாஸ்தியாச்சேனு, மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் தண்ணி கலக்காமலே ஊத்தித் துடைச்சேன். துணி கறுப்பாச்சு. 'அடேங்கப்பா, எத்தனை வருஷ அழுக்கு'னு சந்தோஷமா இன்னும் அழுத்தித் துடைச்சேன்.

அது அழுக்கு இல்லை. தட்டு.

சாயங்காலம் போட்டா, உஸ்ஸ்ஸ்னு ஒரே இரைச்சல். எங்கேயோ தூரத்துல நாயனம். அப்பா ஈஸிசேர்லேர்ந்து எழுந்து வந்து தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மினுமினுப்பு போய் சாம்பல் பூத்திருந்தது.

"எதால துடைச்சே?"

"ஸ்பிரிட்ப்பா."

"இது அரக்குடா. ஆசாரி எதுல அரக்கைக் கரைச்சு பாலிஷ் போடுவார்?"

ஸ்பிரிட்லதான். சின்ன வயசுல வாசல்ல உக்காந்து பார்த்திருக்கேன். அப்பவும் உறைக்கலை பாருங்க. எல்.பி. வினைல், பிளாஸ்டிக். 78ல பெரும்பாலானது அரக்குல கல்மாவு கலந்து வார்த்தது. கனமா இருக்கும், கீழ விழுந்தா அப்பளம் மாதிரி உடையும். ஸ்பிரிட் பட்டா கரையும். அதுக்கு நல்ல தண்ணியில ஒரு சொட்டு ஷாம்பு போதும். துடைச்ச உடனே நல்ல தண்ணியால இன்னொரு தடவை துடைச்சு, ஈரம் இல்லாம ஒத்தி எடுத்துடணும். முள்ளும் வேற, எல்.பி. முள்ளைவிட 78 முள் ஏறக்குறைய மூணு மடங்கு பருமன். ரெண்டு ஜாதியையும் நிக்க வெச்சுத்தான் அடுக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு போட்டா எல்.பி. வளையும், 78 விரியும்.

இதெல்லாம் அப்புறம் கத்துக்கிட்டது.

அப்பா திட்டலை. திட்டியிருந்தா தேவலை. "அவர் தினம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் போடுவார்"னு மட்டும் சொன்னார். தாத்தாவைச் சொல்றார். அதுக்கு மேல பேசலை.

மறுபக்கம் நல்லவேளையா தப்பிச்சது. அதைத் தொட எனக்குக் கை வரலை. அப்பாவே பழைய வேட்டியைக் கிழிச்சு, நனைச்சுப் பிழிஞ்சு துடைச்சார். சரியான முள் வாங்கிட்டு வந்து, அந்தப் பக்கத்தை கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெச்சாச்சு. முன்னாடியே பதிஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் இருந்திருக்கும்.

இப்ப ராத்திரி அப்பா அந்தப் பக்கத்தைத்தான் கேக்கறார். தோடி பாதியிலதான் ஆரம்பிக்குது. அவருக்கு ஆரம்பம் மனப்பாடம். தட்டைப் போடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் முணுமுணுக்கறார்.

உங்க வீட்டுப் பரண்லயும் பெட்டி இருக்கும். ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி, தட்டைக் கையில எடுத்து கனம் பாருங்க மக்களே.