கையால் காட்ட முடியாத சொல்

எங்கள் ஊரில் வயது முதிர்ந்தவர்கள் இன்றும் அலுவலகம் என்று சொல்வதில்லை. கந்தோர் என்றுதான் சொல்வார்கள். தபால் கந்தோர், காணிக் கந்தோர் என்று அவர்கள் வாயில் அது வெகு இயல்பாக வரும். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. பழைய செப்புக் காசைக் குறித்த 'துட்டு' என்பதும் அவர்களுடையதே. 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள், 1796 இல் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் சில சொற்களை எடுத்துச் செல்ல மறந்துவிட்டார்கள் போலும்.

இதே கம்பனிதான் யப்பானிலும் இருந்தது. 1609 இல் ஹிராதோவில் பண்டகசாலை அமைத்தது. 1641 இல் நாகசாக்கித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் விசிறி வடிவான செயற்கைத் தீவுக்கு மாற்றப்பட்டது. அங்கே ஆட்சி செய்ய முடியவில்லை. ஒரு பாலத்தால் கரையோடு இணைந்த அந்தச் சிறு தீவுக்குள் காவலுக்குள்ளேயே இருந்து, இரு நூற்றாண்டுக்கும் மேலாக வியாபாரம் மட்டும் செய்தார்கள். நாம் உலாந்தா என்றோம், யப்பானியர் ஒரந்தா என்றார்கள். இரு சாராருக்கும் அந்தப் பெயரைத் தந்தது போர்த்துக்கேயம். பியரைப் 'பீரு' என்றும் கண்ணாடியைக் 'கராசு' என்றும் யப்பானியர் இன்றும் சொல்வது ஒல்லாந்தரிடம் பெற்றதே. யப்பானில் முதலாம் வகுப்புப் பிள்ளை முதுகில் சுமந்து செல்லும் புத்தகப் பைக்கு 'ரந்தோசெரு' என்று பெயர். ஒல்லாந்தரின் 'ரன்சல்' என்ற முதுகுப்பைதான் இப்படி ஆகியிருக்கிறது. பள்ளிக்கூடத்து வாத்தியாரான எனக்கு இந்தச் சொல்லின் மீது தனியான ஒரு பிரியம் உண்டு.

பொருள் வந்தால் பெயரும் கூடவே வந்துவிடும். அதில் சிரமமில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் அன்றாடம் பேசும் பேச்சு அப்படி வருவதில்லை. அதைக் கடத்திக் கொடுப்பதற்கென்றே நாகசாக்கியில் சில குடும்பங்கள் இருந்தன. தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாகத் துபாசி வேலை பார்த்த குடும்பங்கள். பெரிய துபாசி, சிறிய துபாசி, பயிலும் துபாசி என்று அவர்களுக்குள் தரங்களும் இருந்தன. கப்பலில் வந்த சரக்கின் விலை பேசுவதிலிருந்து, கப்பித்தான் கொண்டுவந்த வெளிநாட்டுச் செய்திகளை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது வரை எல்லாம் இவர்கள் கையில்தான் இருந்தது.

இந்தத் துபாசிகளைப் பற்றி எனக்குத் தேடிப் படிக்க வேண்டி வந்தது ஒரு மாணவனால். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எங்கள் ஊரிலிருந்தும் இளைஞர்கள் பலர் வெளியேறினார்கள். என்னிடம் தமிழ் படித்த ஒருவன், ஒரு வருடம் யப்பானிய மொழி கற்று, அங்கே முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போனான். போய்ச் சில மாதங்களில் ஓர் இரவு அழைத்தான்.

"சேர், சோதினையில எல்லாம் நல்லாத்தான் செஞ்சன். இஞ்ச ஒரு மூத்தம்மா காலைப் புடிச்சிக்கிட்டு 'ச்சிக்கு ச்சிக்கு' எண்டு சொல்றா. புத்தகத்தில நோகுது எண்ட சொல்லு வேற சேர்."

அது குத்துகின்ற வலிக்கான சொல்லாம். விண் விண்ணென்று தெறிக்கும் வலிக்கு 'ஸுகி ஸுகி' என்பார்களாம். பிறகு விளங்கிக்கொண்டு சொன்னான். தமிழில் நாம் சுரீர் சுரீர், விண் விண் என்று சொல்வதைப் போலவேதான் இதுவும். ஒல்லாந்தருக்கு இப்படி இரட்டித்து ஒலிக்கும் வழக்கம் குறைவு. குத்தும் வலி, அடிக்கும் வலி என்று அடைமொழி வைத்துத்தான் அவர்கள் சொல்வார்கள். அப்படியானால் தெஜிமாவில் ஒரு கப்பற்காரனுக்குக் கால் வலித்தபோது துபாசி என்ன செய்திருப்பான் என்ற கேள்வி அன்று இரவு என்னைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு நேரான விடை கிடைக்கவில்லை. ஆனால் அதனிலும் பெரிதாக ஒன்று கிடைத்தது. சுகிதா கென்பகு என்ற வைத்தியர் 1815 இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, தன் நினைவுகளை எழுதி வைத்திருக்கிறார். 1766 அளவில் நடந்த ஒரு சந்திப்பை அதில் சொல்கிறார். கப்பித்தானோடு தலைநகர் எதோவுக்கு வந்த நிஷி ஸென்ஸபுரோ என்ற பெரிய துபாசியிடம், ஒல்லாந்த மொழியைக் கற்க முடியுமா என்று கென்பகுவின் நண்பர் மாஎனோ ரியோதக்கு கேட்டார். வீண் வேலை என்றார் நிஷி. தண்ணீர் குடிப்பதற்கு என்ன சொல் என்று அறிய வேண்டுமானால், கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய்க் காட்டிக் கேட்கலாம். அவர்கள் சொல்லைத் தருவார்கள். ஆனால் ஒருவனுக்குக் குடி பிடிக்கும், இன்னொருவனுக்குப் பிடிக்காது என்பதை எந்தக் கையால் காட்டிக் கேட்பது?

விரும்புதல் என்ற பொருளில் 'ஆன்-ட்ரெக்கன்' என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டாம். துபாசிக் குடும்பத்தில் பிறந்து சிறு வயதிலிருந்தே அதைக் கேட்டும் பேசியும் வந்தவர், அதன் உட்பொருளை ஐம்பது வயதாகும்போது அந்தப் பயணத்தின் வழியில்தான் விளங்கிக்கொண்டாராம். 'ஆன்' என்றால் ஒன்றை நோக்கி. 'ட்ரெக்கன்' என்றால் இழுத்தல். பிடித்ததைத் தன் பக்கம் இழுப்பதுதான் விருப்பம். இன்று ஒல்லாந்தர் சட்டை போடுவதற்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னர் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். "மனசு இழுக்குது" என்று எங்கள் ஊரில் எழுத்தறியாத கிழவியும் சொல்வாள். நிஷி ஐம்பது வயதில் கண்டுகொண்டதை நாம் பால்குடி காலத்திலேயே பெற்றுவிட்டோம். பெற்றுவிட்டதனால்தான் அதன் அருமை நமக்குத் தெரியவில்லை போலும்.

நிஷியின் பேச்சைக் கேட்டு கென்பகு அந்த எண்ணத்தையே விட்டுவிட்டார். 1771 இல் கொலைக்களத்தில் ஓர் உடல் அறுக்கப்படுவதை, ஒல்லாந்த மொழியிலிருந்த உடற்கூற்று நூலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த பிறகுதான் அதை மொழிபெயர்க்கத் துணிந்தார்கள். தகுந்த அகராதி இல்லை. புருவம் என்பது கண்ணுக்கு மேல் முளைக்கும் மயிர் என்ற அளவிலான ஒரு வாக்கியத்துக்கு நீண்டதொரு வசந்தகாலப் பகல் முழுவதும் செலவானதாம். 'க்ராக்பேன்' என்றொரு சொல் வந்தது. 'பேன்' என்றால் எலும்பு. 'க்ராக்' என்பது எலி பாத்திரத்தைக் கறண்டும் சத்தம் என்று கண்டார்கள். மெல்லும்போது அப்படிச் சத்தமிடும் எலும்பு எது என்று யோசித்து, மென்னெலும்பு என்று பொருள்படப் புதுச்சொல் ஆக்கினார்கள். நரம்புக்கு அவர்கள் ஆக்கிய 'ஷின்கெய்' யப்பானிய வைத்தியத்தில் இன்றும் வழங்குகிறது. 1774 இல் நூல் வெளியாயிற்று. முன்னுரை எழுதியவர் நாகசாக்கித் துபாசி யொஷியோ கோக்யூ என்பது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

கலைச்சொல்லை இப்படி உட்கார்ந்து ஆக்கிவிடலாம். அன்றாடப் பேச்சு அதற்கு இடந்தராது. ஒல்லாந்தன் சாப்பாட்டுக்கு முன் மற்றவரைப் பார்த்து "ருசித்துச் சாப்பிடுங்கள்" என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்வான். யப்பானியன் அதே நேரத்தில் "இததகிமாசு" என்பான். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று தன்னைப் பற்றியே சொல்கிறான். ஒரே பாய், ஒரே சோறு. ஆனால் ஒருவன் மற்றவனைப் பார்க்கிறான், மற்றவன் குனிந்து தன்னைப் பார்க்கிறான். ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் ஆள் மாறிவிடும். வீட்டை விட்டுப் புறப்படும் யப்பானியன் "இத்தெகிமாசு" என்பான். போய் வருகிறேன் என்று பொருள். ஒல்லாந்தன் மீண்டும் காணும் வரை என்பான். எங்களுக்கு முதலாவது சொல்லித்தராமலே விளங்கும். "போறன்" என்று சொல்லிவிட்டு வாசற்படி இறங்கிய பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட்டு, "போயிட்டு வாறன் எண்டு சொல்லு" என்று திருத்தாத உம்மா எங்கள் ஊரில் இல்லை.

நாகசாக்கித் துபாசிகளை நான் வேறோர் உலகத்து ஆட்களாக நினைக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்சம் சிங்களம் தெரிந்த வாத்தியார் என்பதால், ஊரில் பலருக்குக் கடிதம் வாசிக்கவும் வைத்தியசாலைக்குக் கூடப் போகவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சென்ற வருடம் அயல் வீட்டு மாமி ஒருவரை அப்படிக் கூட்டிப் போனேன். வைத்தியர் சிங்களவர், இளம் பெண். மிகப் பொறுமையாகக் கேட்டார். மாமி சொன்னது ஒரே வசனந்தான்:

"நெஞ்சடைக்கிது மகன். சின்னவன் வெளிநாடு போன நாளையில இருந்து."

சிங்களத்தில் 'ரிதெனவா' என்றால் நோகிறது. ஆனால் மாமி நோகுது என்று சொல்லவில்லையே. நெஞ்சடைப்பது துக்கத்துக்கும் சொல்வது, நோய்க்கும் சொல்வது. துக்கம் என்று நான் சொன்னால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நோய் என்று மட்டும் சொன்னால் மகன் போன கதை விழுந்துபோகும். எதை விடுவது என்று தீர்மானிக்க நான் யார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லி, எங்கள் மொழியில் இதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு என்றும் சொன்னேன். வைத்தியர் சற்று யோசித்து, எந்த இடத்தில் என்று கையால் காட்டச் சொல்லுங்கள் என்றார். மாமி முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்து அழுத்தினார். உடனே இருதயத்துக்கான ஈசிஜி எடுத்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் அம்புலன்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாமி இப்போது நடமாடுகிறார்.

வலித்த இடத்தைக் கை காட்டிவிட்டது. மகன் போன நாளிலிருந்து என்பதைக் கை காட்டாது. நிஷி சொன்னது இதைத்தான். அந்தப் பாதியைச் சுமப்பதற்குத்தான் இடையில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

1853 இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எதோக் குடாவுக்கு வந்தபோது, படகில் சென்ற துபாசி ஹொரி தத்சுனொசுகே, தனக்கு ஒல்லாந்த மொழி தெரியும் என்று ஆங்கிலத்தில் கூவினாராம். அடுத்த வருடம் இரு நாட்டுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையும் பெரும்பாலும் ஒல்லாந்த மொழி வழியாகவே நடந்தது. இரு சாராருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது மொழியில் நின்று பேசிக்கொண்டார்கள். இந்நாட்டில் நாமும் பல காலம் ஆங்கிலத்தில் நின்றுதான் பேசிக்கொள்கிறோம். அங்கே உடன்படிக்கை எழுதலாம். நெஞ்சடைக்கிது என்று சொல்ல முடியாது.

நான் இப்போது ஒன்பதாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் கேட்கும் ஒரு பேச்சைக் கொண்டுவர வேண்டும். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும். சிங்களம் கற்பிக்கும் ஆசிரியையும் வந்து உட்காருகிறார். சென்ற கிழமை ஒரு பிள்ளை 'வாய்க்கு ருசியில்ல' என்று கொண்டுவந்தாள். காய்ச்சலா, கவலையா, கறியில் உப்பில்லையா என்று வகுப்பு முழுவதும் சத்தம். மணியடித்த பிறகும் முடியவில்லை. வரும் கிழமையும் அதையே எடுப்பதாக இருக்கிறோம்.